சேர்மன் அக்கா கடன் சொன்ன பக்கெட்

அன்று என் கடை திறப்புக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்று முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாரும் வந்து, ஏகாம்பரம் கதை விடுகிறான் என்று சொல்லிவிடக் கூடாது.

ஒன்று, எங்கள் பேரூராட்சியின் சேர்மன் குணசுந்தரி அக்கா. இரண்டு, அவர் வீட்டுக்காரர் பலராமன் அண்ணாத்த. அக்காவின் வேனை ஓட்டுவதும் அவர்தான். மூன்று, என் மனைவி தேவகி. நான்கு, தேவகியின் அம்மா, அதாவது என் அத்தை. ஐந்து, பக்கத்து டீக்கடை காசி. ஆறு, கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ரிட்டையர் ஆன ராகவன் சார். அவர் திறப்பு விழாவுக்கு வரவில்லை. காசி கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், ரிப்பனைப் பார்த்து எழுந்து வந்து நின்றார். ஏழு, போட்டோ எடுக்க வந்த தம்பி. எட்டு, நான்.

ஒரு ஆடும் இருந்தது. வாசலில் கட்டியிருந்த வாழையைத் தின்ன வந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த எட்டுப் பேர் கண் முன்னால்தான் அது நடந்தது. என் புதுக் கடையின் முதல் வியாபாரம், போணி, கடனாகப் போனது.

அக்காவின் பேரை மாற்றி எழுதியிருக்கிறேன். ஊர்ப் பேரை எழுதவே இல்லை. திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் அக்காவிடம் போய்ச் சொல்லாமல் இருந்தால் புண்ணியம்.

யாரோ பேசிய குரல்

இந்தத் தொடரில் போன வாரம், லோடு ஆட்டோவை விற்றதோடு கதையை நிறுத்தியிருந்தேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினைந்து வருஷம் அந்த ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு மதுராந்தகம், கருங்குழி சுற்றுவட்டாரத்தில் குடம், பக்கெட், மக், துடைப்பம் விற்றேன். மைக்கில் வந்தது என் குரல் இல்லை. எனக்குச் சத்தமாகப் பேசினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். காசியைப் பேச வைத்து ரெக்கார்டு செய்து போட்டிருந்தேன். பல ஊர்களில் என்னை வாய் பேசாதவன் என்றே நினைத்தார்கள். சைகையில் பேரம் பேசுவார்கள். நானும் சைகையிலேயே விலை சொல்லிவிட்டு வருவேன். திருத்தப் போனால் பேச வேண்டி வருமே.

அந்தப் பதினைந்து வருஷத்தில் நான் விடாமல் வைத்திருந்தது ஒரே ஒரு வழக்கம். போணி கடனாகப் போகக் கூடாது. முதல் ஆளுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக்கூடக் கொடுப்பேன். ஆனால் காசு கையில் விழ வேண்டும். கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் போட வேண்டும்.

ஒருமுறை கருங்குழியைத் தாண்டி ஒரு ஊரில் ஒரு அம்மா காலையில் முதல் ஆளாக வந்து ஒரு மக்கை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வருவ இல்ல, அப்ப வாங்கிக்க" என்று உள்ளே போய்விட்டார். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வண்டியைத் திருப்பி வீட்டுக்கே வந்துவிட்டேன். வருகிற வழியில் ஜிஎஸ்டி ரோட்டில் டயர் பஞ்சர். பார்த்தாயா என்றேன் தேவகியிடம். "திரும்பி வந்ததாலதான மாமா பஞ்சர் ஆச்சு" என்றாள் அவள். அவளுக்கு இதெல்லாம் புரியாது.

முட்டி வலி வந்தது. ஆட்டோ ஆயில் குடிக்க ஆரம்பித்தது. விற்றேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பேரூராட்சி கட்டிய கடை வரிசையில் ஒன்றை எடுத்தேன். அட்வான்ஸுக்கு ஆட்டோ பணம் போதவில்லை. தேவகி தாலிச் சரடு தவிர மற்றதையெல்லாம் கழற்றிக் கொடுத்தாள். அது செங்கல்பட்டில் ஒரு அடகுக் கடையின் இரும்புப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. கடை படுத்துவிட்டால் திரும்பிப் போக எனக்கு ஆட்டோவும் இல்லை, அவளுக்கு நகையும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ராசியான கை

எங்கள் ஊரில் யார் கடை திறந்தாலும் ரிப்பன் வெட்டுவது அக்காதான். போணி செய்வதும் அக்காதான்.

அக்கா முன்பு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர். ஊரில் பாதிப் பேருடைய அளவு அவருக்கு மனப்பாடம். கவுன்சிலராக ஜெயித்து சேர்மன் ஆன பிறகும் எந்த வீட்டு விசேஷத்தையும் விட்டதில்லை. காதுகுத்து, சாவு, கிரிக்கெட் போட்டி, படகுக்குப் பூஜை, எல்லாவற்றிலும் நிற்பார். வெளியூர்க்காரர்கள் சில சமயம் பலராமன் அண்ணாத்த கழுத்தில் மாலையைப் போட்டுவிடுவார்கள். அவர் கழற்றி, "நான் டிரைவருங்க, சேர்மன் அந்தம்மா" என்று கொடுப்பார்.

போணி என்றால் அக்கா ஓசியில் வாங்க மாட்டார். விலை கேட்டு, கைக் காசு கொடுத்துத்தான் எடுப்பார். அப்படி வாங்கிய சாமான்கள் அவர் வீட்டில் ஒரு அறை முழுக்கக் கிடந்தன. ஒரே ஒரு லாரி டயர். அரை மூட்டை சிமெண்ட். மீன் தொட்டிக்கு ஒரு பாக்கெட் தீனி, தொட்டி இல்லாமல். கடற்கரையில் கூலிங் கிளாஸ் கடை திறந்த அன்று வாங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அன்று மதியம் மன்றக் கூட்டத்தையே நடத்தினார். எந்தக் கவுன்சிலரைப் பார்க்கிறார் என்று தெரியாததால் அன்று யாரும் எதிர்த்துப் பேசவில்லையாம்.

அக்காவுக்கு ராசியான கை என்று ஊரே சொல்லும். அதனால்தான் நானும் அக்காவைக் கூப்பிட்டேன்.

சுற்றிக்கொண்டே இருந்தது

அன்று பெரிய முகூர்த்தம். என் கடை அக்காவுக்கு ஐந்தாவது விசேஷம். ரிப்பனை வெட்டினார், விளக்கேற்றினார், ஆட்டை விரட்டினார். பிறகு கடையை ஒரு சுற்று பார்த்தார்.

"இன்னா ஏகாம்பரம், எத எடுத்துக்கட்டும்?"

"உங்க இஷ்டங்க்கா."

கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்ததிலிருந்து ஒரு சிவப்பு பக்கெட்டைக் கழற்றினார். இருபது லிட்டர். தட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ?"

"உங்களுக்கு..."

"எனக்குன்னு தனி வெலயா? வெலய சொல்லு நைனா."

"நூத்தியெண்பதுங்க்கா."

அக்கா பர்ஸைத் திறந்தார். உள்ளே ஒரு ஊக்கு, ஒரு வெற்றிலை, நாலாக மடித்த ஒரு மனு. காலையிலிருந்து இரண்டு கல்யாணத்தில் மொய், ஒரு காதுகுத்தில் மொய், கிரகப்பிரவேசத்தில் ஆரத்தித் தட்டு. எல்லாம் போய்விட்டது.

"யோவ், நூத்தியெண்பது குடுயா."

"எங்கிட்ட ஏது? காலைல டீசல் போட்டது யாரு?" என்றார் பலராமன் அண்ணாத்த. ஆனாலும் போனை எடுத்தார். ஸ்கேன் செய்கிற அட்டையை நான் முந்தின நாள்தான் ஒட்டியிருந்தேன். போனைக் காட்டினார். போன் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

எட்டுப் பேரும் கழுத்தை நீட்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சுத்திகினே கீது," என்றார் அண்ணாத்த.

"புது அட்டைன்னா ரெண்டு நாள் ஆகும்பா," என்றார் ராகவன் சார்.

டீக்கடை காசி இடுப்பிலிருந்து இருநூறு ரூபாயை உருவினான். "நான் குடுக்கறேன்க்கா. அப்பறமா வாங்கிக்கறேன்."

அக்கா அவன் கையைத் தள்ளினார். "உன் காசுல வாங்கனா அது உன் போணி ஆயிடும்பா. என் கைக்குன்னு கூப்பிட்டிருக்கான், பாவம்."

என் காசையே எடுத்து அக்காவிடம் கொடுத்து என்னிடமே வாங்கச் சொன்னால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படி நடந்தால் அது யாருடைய போணி என்று யோசிப்பதற்குள் அக்காவின் போன் அடித்தது. ஆறாவது விசேஷம். மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரம், சேர்மன் வராமல் கட்ட மாட்டோம் என்று மாப்பிள்ளை வீடு நிற்கிறதாம்.

"சாயந்தரம் குடுத்துடறேன் நைனா," என்று சொல்லிவிட்டு, பக்கெட்டோடு வேனில் ஏறிவிட்டார். ஏறும்போது போட்டோத் தம்பி ஒன்று எடுத்தான். அந்தப் படம் இப்போதும் கடையில் இருக்கிறது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் துக்க வீட்டு வாசலில் நிற்பவன் மாதிரி நிற்கிறேன்.

"நூத்தியெண்பது ரூபாதான மாமா," என்றாள் தேவகி. "சேர்மன் எங்க ஓடிடப் போறாங்க?"

சாயந்தரம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

இரண்டாவதாக வந்த அம்மாள் இரண்டு மக் வாங்கிக் காசு கொடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போன கை பாதியில் நின்றுவிட்டது. இது போணியா, இரண்டாவது வியாபாரமா? ராகவன் சாரிடம் கேட்டேன்.

"வித்தது வித்ததுதான்பா. காசு வரலங்கறது வேற விஷயம்."

"அந்த வேற விஷயத்ததான் சார் நான் கேக்கறேன்."

போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். கடை பேரூராட்சியின் கடை. கேட்கப் போவது நூற்றியெண்பது ரூபாய். கேட்க வேண்டியது மைக்கில்கூடப் பேசாத வாய்.

பக்கெட் போன இடங்கள்

மூன்றாம் நாள் அக்காவின் வேன் எங்கள் கடையைத் தாண்டிப் போனது. பின்பக்கக் கண்ணாடி வழியாகச் சிவப்பாகத் தெரிந்தது. என் பக்கெட்.

அன்றிலிருந்து கடையைத் தேவகியிடம் விட்டுவிட்டு அக்கா போகிற இடமெல்லாம் நானும் போனேன். முகத்தைப் பார்த்தால் ஞாபகம் வரும் என்று ஒரு நம்பிக்கை.

ஏரி தூர் எடுத்தார்கள். முதல் சேற்றை அக்கா அந்தப் பக்கெட்டில்தான் அள்ளினார். நான் கரையில் நின்றேன். ஒரு வீட்டில் மஞ்சள் நீராட்டு. மஞ்சள் தண்ணீர் அந்தப் பக்கெட்டில்தான் கரைத்திருந்தது. கூப்பிடாத வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, இலைக்கு மேல் தலையை நீட்டி அக்காவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அக்கா பார்த்தார். "வடை போடுங்கப்பா ஏகாம்பரத்துக்கு" என்றார்.

கடற்கரையில் தள்ளுவண்டிக்காரர்களுக்கு இடம் பிரிப்பதில் தகராறு வந்தது. சுண்டல்காரர்கள் ஒரு பக்கம், சங்கு மாலை விற்பவர்கள் ஒரு பக்கம். பஸ் வந்து நிற்கிற இடம் எல்லோருக்கும் வேண்டும். அக்கா எல்லாருடைய பேரையும் சீட்டில் எழுதிப் பக்கெட்டில் போட்டார். அவருடைய சொந்தத் தங்கச்சி பேரும் அதில் இருந்தது. தங்கச்சிக்கு விழுந்தது குப்பைத் தொட்டிக்குப் பக்கத்து இடம்.

"நீயெல்லாம் ஒரு அக்காளா?" என்றாள் தங்கச்சி.

"பக்கெட்டு சொல்லிச்சு. எங்கிட்ட கேக்காத," என்றார் அக்கா.

பக்கெட்டுக்கு இரண்டு அடி இருக்கிறது, நடுவில் சீட்டை ஒளித்திருக்கிறார்கள் என்று ஒரு சங்கு மாலைக்காரர் கத்தினார். அக்கா உடனே அதைக் கவிழ்த்து, தலைக்கு மேல் தூக்கி, எல்லோருக்கும் காட்டினார். அடியில் நான் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. நூற்றியெண்பது. அக்காவும் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"நல்ல பக்கெட்டுப்பா. நம்ம ஏகாம்பரம் கடைல வாங்கனது. எப்டி கெட்டியா கீது பாரு," என்றார் கூட்டத்திடம்.

வாங்கனது. அந்த ஒரு வார்த்தையை நினைத்து ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

இதற்குள் ஊர் என்னை அக்காவின் ஆள் என்று முடிவு கட்டிவிட்டது. விதவைப் பென்ஷன், ரேஷன் கார்டு, தெருவிளக்கு என்று மனுக்கள் என் கையில் வர ஆரம்பித்தன. நான் பக்கெட்டுக்காக வந்தவன் என்று எப்படிச் சொல்வது? வாங்கி வாங்கி அக்காவிடம் சேர்த்தேன். அக்கா அதையெல்லாம் முடித்தும் கொடுத்தார். ஒரு பாட்டி என் காலில் விழப் போய், நான் ஓடி, துடைப்பக் கட்டில் இடறி விழுந்தேன்.

தனக்கே மனு கொடுத்தவர்

கோடையில் மோட்டார் எரிந்து போய் ஐந்து நாள் தண்ணீர் வரவில்லை. பெண்கள் காலிக் குடங்களோடு பேரூராட்சி ஆபீசுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அக்கா வெளியே வந்து பார்த்தார். உள்ளே போனார். போலீசுக்குப் போன் செய்யப் போகிறார் என்று நினைத்தோம். சிவப்பு பக்கெட்டோடு திரும்பி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாக்கா இது, உன்ன எதுத்துதான் நாங்க வந்துகீறோம்," என்றாள் ஒருத்தி.

"எங்க வூட்ல மட்டும் தண்ணி வருதாடி? தள்ளி குந்து."

பக்கெட்டைத் தரையில் தட்டித் தட்டிக் கோஷம் போட்டார். நிர்வாகம் ஒழிக என்றார். செயல் அலுவலர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"மேடம், உள்ள வாங்க. பேசிக்கலாம்."

"உள்ள வந்தா நான் சேர்மன். இங்க நான் மூணாவது வார்டு. மனு வாங்கறதுக்கு ஆள வரச் சொல்லு."

"மனு வாங்க வேண்டியது நீங்கதான் மேடம்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். நியாயம்தான் என்று பட்டிருக்க வேண்டும். எழுந்து உள்ளே போய், மனுவில் கொடுப்பவர் இடத்தில் கையெழுத்துப் போட்டு, மேஜையைச் சுற்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வாங்கியவர் இடத்தில் கையெழுத்துப் போட்டார். மேலே பச்சை மையில், உடனடியாக நடவடிக்கை எடுக்கவும் என்று எழுதினார். சாயந்தரத்துக்குள் மோட்டார் வந்துவிட்டது.

இதற்கிடையில் பக்கெட்டுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு போலீஸ்காரர் வந்தார். முதல் வரிசையில் நான் ஒருத்தன்தான் ஆம்பளை.

"நீ எதுக்குயா வந்த?"

"ஒரு பக்கெட்டுக்காகங்க சார்."

அவர் நோட்டில், குடிநீர்ப் பிரச்சினை என்று எழுதிக்கொண்டார். என் பேரையும் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் காக்கிச் சட்டை தெரிந்தால் கடைக்குள் குடங்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அன்று கடைக்குத் திரும்பினால் குடங்களே இல்லை. குடம் கொண்டுவராமல் போராட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் எங்கள் கடையில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். "ஒண்ணு இல்லாம தீந்துடுச்சு மாமா," என்று தேவகி கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்குக் காலியாக இருந்த அலமாரிதான் கண்ணில் பட்டது. போணி கடனாகப் போன கடை இப்படித்தான் ஒவ்வொன்றாகக் காலியாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

மீன் கழுவிய கை

எட்டு மாதம் ஓடிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனதைத் திடப்படுத்திக்கொண்டு அக்கா வீட்டுக்கே போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பின்கட்டில் அக்கா அரிவாள்மணையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தார். செதிலும் குடலும் விழுந்தது என் பக்கெட்டில்.

"அக்கா, அந்த நூத்தியெண்பது..."

அக்கா நிமிரவில்லை. "எட்டு மாசமா எப்ப கேப்பன்னு பாத்துகினே கீறன்."

"ஞாபகம் இருக்குதாக்கா?"

"ஏன் இல்லாம? அன்னிக்கு சாயந்தரமே டப்பு எடுத்து வச்சேன். கெளம்பறப்ப போன் வருது, பேக்கரிக்காரன் ஷட்டர எறக்கிட்டு ஊரயே காலி பண்ணிட்டான்னு. நான் போணி பண்ண பேக்கரி. ஐநூறு ரூபா குடுத்தேன், சில்லற கூட வாங்கல."

அரிவாள்மணையில் ஒட்டிய செதிலைத் துடைத்தார்.

"ஜூஸ் கட, காசு குடுத்தேன், இப்ப அதுல வக்கீல் ஆபீசு. செல்போன் கட, காசு குடுத்தேன், மூணு மாசம். டயர் கட, சிமெண்டு கட, மீன் தொட்டி கட. ஒம்போது கட ஏகாம்பரம். ஒண்ணு நிக்கல. ஊரு ராசியான கையின்னு சொல்லிகினு திரியுது. எனக்குத்தான தெரியும்."

"ஊருல யாரும் கவனிக்கலியாக்கா?"

"மூடற கடைக்கு எவன் ரிப்பன் கட்டி கூப்பிடறான்?"

அக்கா கையைக் கழுவிக்கொண்டு, புளிப் பானைக்கு அடியிலிருந்து ஒரு இருநூறு ரூபாய் நோட்டை எடுத்தார்.

"காசு குடுக்காம போணி பண்ணது உன் கட ஒண்ணுதான். அது ஒண்ணுதான் நிக்குது. அதான் குடுக்கல. பயமா இருந்திச்சு. இப்ப நீயே வந்து கேட்டுட்ட. சொல்லு, குடுக்கட்டா?"

நோட்டை நீட்டினார். மீன் வாடை வந்தது. எட்டு மாதம் நான் எந்த நோட்டுக்காக ஏரிக்கரையிலும் பந்தியிலும் போலீஸ் நோட்டிலும் போய் உட்கார்ந்தேனோ, அந்த நோட்டு. என் கால் ஒரு அடி பின்னால் போனது.

"வேணாங்க்கா."

"சில்லற இல்லியா?"

"சில்லற கீதுங்க்கா. வேணாம்."

அக்கா நோட்டைத் திரும்பப் பானைக்கு அடியில் செருகினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை, தேர்தல் முடிவு சொன்ன அன்றுகூட நான் பார்க்கவில்லை.

"வெளிய சொல்லிடாத நைனா. அப்பறம் ஒரு பெட்டிக்கட தெறக்கக்கூட எவனும் கூப்பிட மாட்டான்."

தேவகியிடம் மட்டும் சொன்னேன். "உனக்கு இன்னா லூசா மாமா?" என்றாள். "அந்தக்கா உம் பக்கெட்ட தூக்கிகினு ஊரு முழுக்க சுத்துது. அதப் பாத்துட்டுத்தான் நம்ம கடைக்கு வராங்க." ராகவன் சாரிடம் பேர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "கடன் பாக்கி இருந்தா கடை நல்லா ஓடும்னா, இந்த ஊர்ல எல்லா கடையும் கோடீஸ்வரன் கடைதான்பா," என்றார். படித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அவர்கள் தாலிச் சரடு தவிர மற்றதையெல்லாம் அடகு வைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை

அடுத்த தேர்தல் பேச்சு ஆரம்பித்தது. எதிராக நிற்கப் போகிறவர், ஏழை வியாபாரியிடம் ஓசியில் பக்கெட் வாங்கிய சேர்மன் என்று டீக்கடைகளில் சொல்ல ஆரம்பித்தார். பலராமன் அண்ணாத்த காதில் அது விழுந்தது. அவருக்கு எங்கள் ரகசியம் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் சரக்கு வாங்கச் செங்கல்பட்டு போயிருந்தேன். துடைப்பக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினால், தேவகி கடையிலிருந்தே சொல்கிறாள்: "மாமா, பலராமன் அண்ணன் வந்து அந்த பக்கெட்டுக்கு நூறு ரூபா குடுத்துட்டாரு. மீதி எண்பது வாங்கியாரேன்னு காசி கடைக்குப் போயிருக்காரு."

துடைப்பத்தோடு ஓடினேன். காசி நாலு இருபது ரூபாய் நோட்டுகளை எண்ணி அண்ணாத்தையின் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாத்த, குடுக்காதீங்க."

"இன்னாபா பேஜாரா கீது? ஓசி பக்கெட்டுன்றான். மானம் போவுது எனக்கு."

"ஓசி இல்ல, கடன்னு எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்."

"ஆங், அது இன்னும் நல்லாருக்கு."

அவர் கடையை நோக்கி நடந்தார். நான் துடைப்பக் கட்டைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வழி மறித்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கடன்காரன் கொடுக்க வருகிறான், கடன் கொடுத்தவன் துடைப்பத்தால் தடுக்கிறான். வேறு வழியில்லாமல் அண்ணாத்த அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"எவ்ளோ குடுத்த?" என்றார் அக்கா.

"நூறு."

அந்தப் பக்கம் பக்கெட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"மீதி?"

"கையில கீது."

"அத காசிகிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வண்டி ஏறு."

காசி நோட்டுகளை வாங்கிக்கொண்டான். அந்த நூறையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கல்லாவுக்கு ஓடினேன். தேவகி கல்லா மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். போணி, ராசி எதையும் நம்பாதவள் சொல்கிறாள்: "வெள்ளிக்கெழம வந்த காசு வெளிய போவக் கூடாது மாமா." கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. சனிக்கிழமை மதியம் கேட்டால், அந்த நூறு வட்டியில் கலந்து அடகுக் கடைக்குப் போயிருந்தது.

ஓசிப் பேச்சை நிறுத்த வேண்டுமே. ஒரு அட்டையில் நானே எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டேன். மாண்புமிகு சேர்மன் அவர்கள் இக்கடையில் எடுத்த பக்கெட்டு ஓசி அல்ல, முறைப்படி கடன் வைத்துள்ளார்கள். மறுநாளே நாலு பேர் வந்து எங்களுக்கும் முறைப்படி கடன் வேண்டும் என்றார்கள். அட்டையின் கீழே, மற்றவர்களுக்குக் கடன் இல்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டியதாயிற்று.

அந்த நூறு வந்ததிலிருந்து வியாபாரம் ஒரு பிடி குறைந்த மாதிரி இருக்கிறது. மழை என்கிறாள் தேவகி. வளையல் இரண்டை மீட்டிருக்கிறோம், இரண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அக்கா எந்த விசேஷத்தில் என்னைப் பார்த்தாலும் விளையாட்டுக்கு பர்ஸில் கையை விடுவார். நான் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்துவிடுவேன்.

எண்பது ரூபாய் பாக்கி இருக்கிறது.